காவல் நம்முடையது, கடிவாளம் யாருடையது?

பாண்டியன் நெடுஞ்செழியன் ஆண்ட மதுரையின் நள்ளிரவை மாங்குடி மருதனார் தம் மதுரைக்காஞ்சியில் தீட்டிக் காட்டுகின்றார். கள்வர் மறைந்து திரியும் அவ்விருளில் ஊர்காப்பாளர் தெருத்தோறும் சுற்றி வருகின்றனர். அவர்களைப் பற்றிப் புலவர் சொல்லிச் செல்லும் முறைவைப்பைத் தமிழர் ஒவ்வொருவரும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். உறங்காத அவர்தம் கண்ணை முதற்கண் சொல்கின்றார். அஞ்சாமையை அடுத்துச் சொல்கின்றார். அதன்பின், நூல் கற்றுப் பெற்ற அவர்தம் நுண்ணறிவைச் சொல்கின்றார். அவர்கள் கையில் ஏந்திய கணையையோ எல்லாவற்றுக்கும் இறுதியில்தான் சொல்கின்றார்.

கண் முன்னே, கல்வி அடுத்து, கருவி கடையில். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழன் காவலுக்கு வகுத்த ஒழுங்கு இது.

இன்றோ அவ்வொழுங்கு தலைகீழாய்ப் புரண்டு கிடக்கின்றது. கருவி முன்னே வந்துவிட்டது. கல்வி கடைக்குப் போய்விட்டது. கண்ணோ, தன் ஊரையும் தன் மக்களையும் பார்ப்பதை விட்டுவிட்டுத் தில்லியின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றது. இந்நிலை எவ்வாறு வந்தது? யார் கொடுத்த பணத்தால் வந்தது? அப்பணத்தின் மறுமுனையில் கட்டப்பட்டுள்ள கயிறு எது? தமிழ்மக்கள் எண்ணிப் பார்த்தாக வேண்டிய வினாக்கள் இவை.

சட்டம் தந்ததும் பணம் பறித்ததும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலங்களுக்குரியது இரண்டாம் பட்டியல். அப்பட்டியலின் முதல் இனம் பொது அமைதி. இரண்டாம் இனம் காவல்துறை. நடுவணரசிடம் எல்லாவற்றையும் குவித்துவைத்த அச்சட்டம்கூட, ஊர்க்காவல் என்பது ஊரை அறிந்தவனிடமே இருத்தல் வேண்டும் என்னும் எளிய உண்மையை மறுக்க இயலாமல், காவலை மாநிலங்களுக்கு விட்டுவைத்தது.

ஆனால், எழுத்தில் விட்டதைப் பணத்தால் பிடிக்கத் தில்லி நெடுநாள் காத்திருக்கவில்லை. 1969-70-ஆம் ஆண்டில் நடுவண் உள்துறை, மாநிலக் காவற்படைகளைப் புதுமைப்படுத்தும் திட்டம் என்னும் பெயரால் நல்கை வழங்கத் தொடங்கிற்று. படைக்கருவி, ஊர்தி, செய்தித் தொடர்புக் கருவி, பயிற்சிக்குரிய பொருள்கள், தடய ஆய்வுக் கருவி எனப் பலவும் அத்திட்டத்துள் அடங்கின.

அதே 1969-ஆம் ஆண்டில் தமிழகம் என்ன செய்துகொண்டிருந்தது? நடுவணரசுக்கும் மாநிலங்களுக்கும் உள்ள உறவை ஆராய இராசமன்னார் குழுவை அமர்த்திக்கொண்டிருந்தது. அக்குழு 1971-இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்பிரலில் தமிழகச் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரு கை உரிமை கேட்டு ஓலை எழுதிக்கொண்டிருந்தபோதே மற்றொரு கை தில்லியின் நல்கைக்காக நீண்டுகொண்டிருந்தது! இவ்விரு கைகளும் ஒருவனுடையவை என்பதுதான் நம் அரசியலின் வெட்கக்கேடு.

1976-இல், நெருக்கடிநிலை இருளில், தில்லி தன் எண்ணத்தை மறைக்காமலே காட்டியது. அரசமைப்பின் 42-ஆம் திருத்தம், மாநிலங்களுக்குள் நடுவண் படைகளைக் கொண்டுவந்து நிறுத்தும் உரிமையை 2-அ என்னும் புதிய இனமாக நடுவண் பட்டியலில் நுழைத்தது. அப்படைகள் மாநில அரசின் மேற்பார்வைக்குக்கூட உட்படா என்று 257-அ என்னும் பிரிவும் கூறிற்று. பின்வந்த 44-ஆம் திருத்தம் அப்பிரிவை நீக்கியது. ஆனால் 2-அ என்னும் இனம் இன்றுவரை அங்கேயே அமர்ந்திருக்கின்றது. முள்ளின் காம்பை ஒடித்துவிட்டு முனையை உள்ளேயே விட்டுவைத்த மருத்துவம் அது!

வெளிப்படையாகச் சட்டத்தால் செய்தது எதிர்ப்பைக் கிளப்பும். அடக்கமாகப் பணத்தால் செய்வதோ நன்றியையே பெற்றுத்தரும். இதனைத் தில்லி நன்கு கற்றுக்கொண்டது.

சிறு பணம், நெடுங்கயிறு

இந்நல்கை நடைபெறும் முறையைப் பாருங்கள். தனக்கு என்னென்ன தேவை என்று மாநிலம் ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம் எழுதுதல் வேண்டும். மாநிலத் தலைமைச் செயலர் தலைமையிலான குழு அதனை ஆராய்ந்து தில்லிக்கு அனுப்புதல் வேண்டும். உள்துறையின் உயர்நிலைக் குழு அதற்கு ஒப்புதல் வழங்குதல் வேண்டும். அதன்பின், நம்மைப் போன்ற மாநிலங்களுக்குத் தில்லி நூற்றுக்கு 60 பங்கு தரும். 40 பங்கை மாநிலம் போடுதல் வேண்டும். செலவிட்டதற்குச் சான்று காட்டினால்தான் அடுத்த தவணை. காவல் மாநிலத்தின் உரிமை. ஆனால் அக்காவலன் எந்தத் துமுக்கியை ஏந்துவது, எந்த ஊர்தியில் ஏறுவது என்பதற்குத் தில்லியின் ஒப்பம்! தன் வீட்டு வாயிற்காவலனுக்குத் தடி வாங்க எதிர்வீட்டுக்காரனின் கையெழுத்தைத் தேடி அலையும் இல்லத்தான் எங்கேனும் உண்டா?

இனி, இவ்வளவு பணிவுக்கும் ஈடாகத் தில்லி தருவதுதான் எவ்வளவு? 2022 பிப்பிரவரியில் நடுவண் அரசு, 2021-22 முதல் 2025-26 வரையான ஐந்தாண்டுகளுக்கெனக் காவற்படைகளைப் புதுமைப்படுத்தும் பெருந்திட்டத்திற்கு 26,275 கோடி உருபா ஒதுக்கியதாக முழங்கிற்று. செய்தித்தாள்களும் அத்தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டன. அத்தொகையைப் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

அதில் 18,839 கோடி உருபா, சம்மு காசுமீர், வடகிழக்கு மாநிலங்கள், பொதுவுடைமைக் கிளர்ச்சியாளர் நடமாடும் பகுதிகள் ஆகியவற்றின் பாதுகாப்புச் செலவுக்கு உரியது. அஃதாவது நூற்றுக்கு 71-க்கும் மேல். எல்லா மாநிலங்களின் காவல்துறைகளையும் புதுமைப்படுத்த என்று ஒதுக்கியது 4,846 கோடி மட்டுமே. நூற்றுக்கு 19-க்கும் குறைவு. புதுமைப்படுத்துதல் என்பது பெயர்ப்பலகை. கடைக்குள் பெரும்பகுதி விற்பது அடக்குமுறைச் சரக்கு.

அந்த 4,846 கோடியையும் ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 970 கோடிக்கும் சற்றுக் குறைவு. அது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இந்திய ஒன்றியத்தின் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து! தமிழகம் ஒன்று மட்டுமே 2023-24-ஆம் ஆண்டில் தன் காவல்துறைக்கு ஒதுக்கிய தொகை 10,000 கோடி உருபாவுக்கும் மேல். எல்லா மாநிலங்களுக்கும் தில்லி ஓராண்டில் தருவது, தமிழகம் தன் கைப்பொருளால் செய்யும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் நமக்குக் கிடைப்பது துணுக்கு. அத்துணுக்குக்காகத்தான் நம் செயலர்கள் கோப்பைச் சுமந்துகொண்டு தில்லிக்கு நடக்கின்றனர். யானை தன் கால்விலங்கின் விலையைத் தானே கொடுத்துவிட்டு, விலங்கு பூட்டியவனைப் பார்த்துத் துதிக்கை தூக்கிக் கும்பிடுகின்றது!

அமெரிக்கா கற்பிக்கும் பாடம்

நல்கை கடிவாளமாகிவிடும் என்பது வெற்று அச்சம் என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள், இந்நல்கை முறையை நம்மினும் பெரிய அளவில் நடத்திப் பார்த்த அமெரிக்காவை நோக்குக. அங்கே காவல் என்பது நகரத்துக்கும் வட்டாரத்துக்கும் உரியது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்வழி, உள்ளூர்க் காவலுக்கு நடுவண் பணம் வழங்கவெனத் தனியமைப்பு ஒன்று எழுந்தது. 1982-இல் அவ்வமைப்பு மூடப்பட்டது. பணம் வழங்கும் வழக்கமோ மூடப்படவில்லை. வேறு வேறு பெயர்களில் பெருகிற்று. 1996-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் 1033-ஆம் பிரிவு, படைத்துறைக்கு மிகையாகிப்போன கருவிகளையும் ஊர்திகளையும் ஊர்க்காவலர்க்கு அள்ளிக் கொடுக்க வாயிலைத் திறந்துவிட்டது.

விளைவு என்ன? 2014 ஆகத்தில் மிசௌரி மாநிலத்துப் பெர்கூசன் நகரில் கருப்பின இளைஞன் ஒருவன் காவலர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தான். மக்கள் தெருவுக்கு வந்தனர். ஏறத்தாழ 21,000 பேர் வாழும் அச்சிறு நகரின் தெருவில், கவச ஊர்திகளும் போர்க்களத் துமுக்கிகளுமாகக் காவலர் வந்து நின்ற காட்சியை உலகமே கண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்நாட்டு நடுவண் அரசின் சட்டத்துறையே தன் ஆய்வறிக்கையில் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தது: அந்நகரத்துக் காவல், மக்களைக் காப்பதைவிட அவர்களிடம் தண்டப்பணம் ஈட்டுவதிலேயே கருத்தாய் இருந்தது, அச்சுமை கருப்பின மக்கள் மீதே மிகுதியாய் விழுந்தது. அவர்களுக்குக் குறைவாய் இருந்தது கவச ஊர்தியா, அன்றி நேர்மையா?

அந்நாட்டு அதிபர் ஒருவர் 2015-இல் அத்தகைய போர்க்கருவிகளுக்குத் தடை விதித்தார். அடுத்து வந்த அதிபர் 2017-இல் அத்தடையை நீக்கினார். ஊர்க்காவலன் கையில் எது இருக்கலாம் என்பதை அவ்வூர் மக்கள் முடிவு செய்யவில்லை. தலைநகரில் நாற்காலி மாறியபோதெல்லாம் அது மாறிற்று.

இன்னும் ஒன்று கேளுங்கள். அதே 2017-இல் அந்நாட்டு நடுவண் அரசு, உள்ளூர்க் காவலுக்குரிய நல்கையில் புதிய கட்டுகளைச் சேர்த்தது. குடியேறிகளைப் பிடிக்கும் நடுவண் அலுவலர்க்கு நகரச் சிறைகளைத் திறந்துவிட வேண்டும். விடுதலையாகும் நாளை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். இல்லையேல் நல்கை இல்லை! சிக்காகோ நகரம் தலைவணங்கவில்லை. வழக்குமன்றம் ஏறிற்று. பணத்தை ஒதுக்கும் உரிமை மக்கள் மன்றத்துக்கு உரியது. அமைச்சர் ஒருவர் தம் விருப்பம்போல் அதில் கட்டுகளைச் சேர்க்க முடியாது என்று வழக்காடியது. 2017-இல் இடைத்தடை பெற்றது. 2018-இல் மேல்முறைமன்றத்திலும் வென்றது. ஒரு நகரத்துக்கு இருந்த முதுகெலும்பு அது! எட்டுக்கோடித் தமிழரின் அரசுக்கு அது வேண்டாவா?

நம் வீட்டிலேயே நடந்தது

அமெரிக்கா தொலைவில் உள்ளது என்பார்க்கு அண்மையிலேயே சான்று உண்டு. பள்ளிக் கல்விக்கென நடுவணரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்திலும் அதே 60-க்கு 40 கணக்குத்தான். 2024-25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி உருபாவைத் தமிழகத்துக்கு விடாமல் தில்லி நிறுத்தி வைத்தது. கரணியம் என்ன? தமிழகப் பள்ளிகளில் குறை கண்டதா? இல்லை. நடுவணரசின் புதிய கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பமிடாததே குற்றம். மும்மொழி என்னும் போர்வையில் வரும் இந்திக்குக் கதவு திறக்காததே குற்றம். 2025 மேத் திங்களில் தமிழக அரசு உச்சமுறைமன்றம் ஏற வேண்டியதாயிற்று.

பிள்ளைகளின் எழுதுபலகையைப் பிடித்து இழுத்த அதே கை, காவலனின் தடியைப் பிடித்து இழுக்காது என்பதற்கு யார் பிணை? இன்று, நல்கை பெற இன்ன செயல்திட்டம் எழுது என்பவன், நாளை, இன்ன போராட்டத்தை இன்னவாறு அடக்கு என்னான் என்பதற்கு என்ன உறுதி? பள்ளியில் கட்டிய கயிறும் காவலில் கட்டிய கயிறும் ஒரே தறியில் திரித்தவை.

கருவி குறைந்ததா? அறம் குறைந்ததா?

இனி, நம்மவர் குற்றத்துக்கும் வருவோம். தில்லியைச் சாடிவிட்டுச் சென்னையை விட்டுவிடுவது நேர்மையாகாது.

இம்மண்ணில் காவல்துறை பிறந்த கதையைப் பலரும் அறியார். சென்னை மாகாணத்தில் வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் அலுவலர் மக்களைத் துன்புறுத்திய கொடுமையை ஆராய வெள்ளையர் அரசே ஓர் ஆணையம் அமைத்தது. 1855-இல் அவ்வாணையம் அக்கொடுமைகள் உண்மையென உறுதிசெய்தது. வருவாய்த்துறையும் காவலும் ஒரே கையில் இருப்பது தீது என்று கண்டு, 1859-இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் இயற்றிக் காவலைத் தனித்துறையாகப் பிரித்தனர். துன்புறுத்தலை ஒழிக்கவென்று பிறந்த துறை இது!

161 ஆண்டுகள் கழிந்தன. 2020 சூன் 19 இரவு, சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடித்து நொறுக்கப்பட்டனர். சில நாள்களில் இருவரும் இறந்தனர். அந்நிலையத்தில் கருவி இல்லையா? இருந்தது. கண்காணிப்பு ஒளிப்பதிவுக் கருவி இருந்தது. பதிவைச் சேமிக்கப் போதுமான இடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானே அழிந்துபோகும்படி அது திருத்தி வைக்கப்பட்டிருந்ததை ஆங்கே உசாவச் சென்ற குற்றவியல் நடுவர் கண்டு உயர்முறைமன்றத்துக்கு எழுதினார். சான்றுகளைக் காப்பதற்காக அக்காவல் நிலையத்தையே வருவாய்த்துறையினரின் பொறுப்பில் விட நேர்ந்தது. துன்புறுத்தலைத் தடுக்கவென்று 1859-இல் வருவாய்த்துறையிடமிருந்து பிரிக்கப்பட்ட காவல், துன்புறுத்தலின் கரணியமாகவே 2020-இல் வருவாய்த்துறையின் காவலில் வைக்கப்பட்டது! இதனினும் இழிவு வேறு வேண்டுமா?

அக்கருவியை வாங்கப் பணம் கிடைத்தது. அதனை அழிய வைக்காத நெஞ்சை வாங்க எந்த நல்கை உதவும்?

அதற்கு ஈராண்டுக்கு முன், 2018 மே 22 அன்று, தூத்துக்குடியில் உருக்காலையை எதிர்த்த மக்களின் நூறாம் நாள் போராட்டத்தில், 13 உயிர்கள் துமுக்கிச் சூட்டுக்கு இரையாயின. ஊர்தியின் மேலேறி நின்று குறிவைத்துச் சுட்டவனிடம் நல்ல துமுக்கி இருந்தது. அதனை ஏந்தியவனுக்கு, எப்போது சுடக்கூடாது என்னும் பயிற்சிதான் இல்லை. அல்லது அவனை ஏவியவனுக்கு மக்கள் மக்களாகத் தோன்றவில்லை. பின்னர் அதனை ஆராய்ந்த ஆணையமும், 2022-இல் வெளிவந்த தன் அறிக்கையில் காவலர் மீதே குற்றங் கண்டது.

நல்கைத் திட்டத்தின் உள்நோய் இங்கேதான் இருக்கின்றது. ஊர்தி வாங்கினால் எண்ணலாம். துமுக்கி வாங்கினால் எண்ணலாம். செலவுச் சான்றில் நிரப்பலாம். அமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைக்கலாம். ஒரு காவலன் சட்டம் கற்றுத் தெளிந்தான், ஏழையைக் கண்டால் ‘வாருங்கள் ஐயா, அமருங்கள்’ என்று சொல்லக் கற்றான் என்பதை எந்தச் சான்றில் நிரப்புவது? எண்ணக்கூடியதற்கே பணம் என்று வைத்தால், எண்ணமுடியாத நேர்மைக்கு இடம் ஏது? பயிற்சி என்னும் சொல் திட்டத்தாளில் இருக்கின்றது. பணமோ பொறியையும் இரும்பையும் தேடி ஓடுகின்றது.

பயிற்சியும் பொறுப்பும் வேண்டுமென்று பிறர் சொல்லாமலும் இல்லை. 1977-இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் 1981-க்குள் எட்டு அறிக்கைகள் தந்தது, அவை உறங்கின. ஓய்வுபெற்ற காவல் தலைவர்களே 1996-இல் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டு கழித்து, 2006-இல், உச்சமுறைமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. காவலர்மீது மக்கள் தரும் முறையீடுகளை ஓய்வுபெற்ற நடுவர் தலைமையிலான தனியமைப்பு உசாவ வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தமிழகம் என்ன செய்தது? 2013-இல் ஒரு சட்டம் இயற்றி, அவ்வமைப்பின் தலைமையில் உள்துறைச் செயலரையே அமர்த்தியது. காவல் தலைவரையே உறுப்பினராக்கியது. ஆடு கொடுக்கும் முறையீட்டை ஓநாய் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு! உரிமைக்குத் தில்லியோடு வழக்காடும் சென்னை, தன் மக்களின் உரிமையைத் தானே இவ்வாறு சுருக்கினால், அதன் குரலுக்கு எடை எங்கிருந்து வரும்?

காவலனின் நாவும் பறிபோகின்றது

கருவியோடு நிற்கவில்லை, சொல்லையும் பிடித்துவிட்டனர். 2024 சூலை முதல் நாள் தொட்டுக் குற்றச் சட்டங்கள் மூன்றும் புதுப்பெயர் பூண்டு வந்துள்ளன: பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக சுரக்சா சன்கிதா, பாரதிய சாட்சிய அதினியம். சட்டங்களின் முறையான மூலம் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்று அரசமைப்பின் 348-ஆம் பிரிவு கூறியிருக்கவும், பெயரை மட்டும் வடமொழி இந்தியாக்கி ஆங்கில எழுத்தில் பொதிந்து அனுப்பினர். தமிழக முதலமைச்சர் அச்சட்டங்களை நிறுத்திவைக்குமாறு எழுதினார், வழக்கறிஞர்கள் தெருவில் நின்று போராடினர், தில்லி செவிசாய்க்கவில்லை.

இப்போது, சிற்றூர்க் காவல் நிலையத்தில் அமர்ந்திருக்கும் தலைமைக் காவலர், ஒரு கோழித் திருட்டைப் பதிவதற்கும் அப்பெயரை எழுத வேண்டும். முறையிட வந்த மூதாட்டிக்கு அது விளங்காது. எழுதுபவர்க்கும் வாயில் நுழையாது. புதிய சட்டம் என்றால் புதிய பயிற்சி; புதிய பயிற்சி என்றால் தில்லி எழுதித் தந்த பாடம். பயிற்சிக்குப் பணம் கொடுப்பவன் பயிற்சிக்கு மொழியையும் கொடுக்கின்றான் என்பது இப்போது விளங்குகின்றதா? காவலனின் இடுப்பிலிருக்கும் கருவி தில்லியின் ஒப்புதலில் வந்தது. அவன் நாவிலிருக்கும் சொல்லும் தில்லியிலிருந்தே வந்துவிட்டால், அவனிடம் தமிழனாய் எஞ்சுவது எது?

மறுப்பார்க்கு மறுமொழி

‘குண்டு வைப்பவன் புதிய கருவியோடு வருகின்றான், நம் காவலன் பழைய துமுக்கியோடு நிற்பதா?’ என்று கேட்பர். கருவியே வேண்டா என்று இங்கே எவரும் சொல்லவில்லை. தடய ஆய்வகம் வளரட்டும், பெருகட்டும். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்க. 1849-லேயே நச்சுப்பொருள் ஆய்வுக்கெனச் சென்னையில் ஆய்வகம் இருந்தது. 1973-இல் தமிழகம் பெண்களைக் காவற்பணிக்கு எடுத்தது. 1992-இல் மகளிர்க்கெனக் காவல் நிலையங்களைத் தொடங்கியது. காவலை மக்களுக்கு அணுக்கமாக்கிய அச்செயல்களுக்குத் தில்லியின் திட்டத்தாள் தேவைப்படவில்லை. இங்குள்ளோரின் எண்ணமே போதுமாயிருந்தது.

‘தில்லி தரும் பணத்தை ஏன் மறுக்க வேண்டும்?’ என்பர். தில்லியில் பணம் விளையும் வயல் எதுவும் இல்லை. ஈரோட்டு நெசவாளியும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளியும் தூத்துக்குடி உப்பளத்தானும் செலுத்திய வரிதான் அங்கே போய், கொடை என்னும் பெயர் பூண்டு திரும்பி வருகின்றது. நம் பணத்தை நாம் மறுக்க வேண்டா. அதன்மேல் கட்டிய கயிற்றையே அறுக்க வேண்டும்.

‘மாநிலங்களிடம் விட்டால் ஆளுங்கட்சி காவலைத் தன் ஏவலாளாக்கிவிடும்’ என்பர். உண்மையே, ஆக்கிக்கொண்டுதான் இருக்கின்றது. அதற்கு மருந்து, ஏவலாளை இன்னொரு தலைவனிடம் ஒப்படைப்பதன்று. மக்களுக்குக் கணக்குச் சொல்லும்படி செய்வதே. அருகிலிருக்கும் கொடுங்கோலனைத் தேர்தலில் தள்ளலாம். ஆயிரங் கற்களுக்கு அப்பாலிருப்பவனை நம் வாக்கு மட்டும் தள்ளுமா?

வேண்டுவன

காவலுக்கெனத் தில்லி வைத்திருக்கும் பணம் கட்டும் கயிறுமின்றி மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுதல் வேண்டும். எதை வாங்குவது, எதில் பயிற்றுவது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்தல் வேண்டும். காவலுக்கு வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய கணக்குத் தமிழில் அச்சிடப்பெற்றுச் சட்டமன்றத்தில் வைக்கப்படுதல் வேண்டும்.

கருவிக்கு ஒரு பங்கு என்றால் பயிற்சிக்கு இரு பங்கு ஒதுக்குதல் வேண்டும். சட்டம், புலனாய்வு, மக்களோடு பழகும் பண்பு ஆகிய மூன்றையும் செவ்விய தமிழ் நூல்களின்வழிக் காவலர் கற்றல் வேண்டும். சட்டங்களுக்குத் தமிழ்ப்பெயர் இட்டு, காவல் நிலையப் பதிவுகள் அனைத்திலும் அப்பெயரே வழங்குதல் வேண்டும்.

காவல் நிலையங்கள் அனைத்திலும் ஒளிப்பதிவுக் கருவி வேண்டுமென்றும், பதிவுகளைப் பதினெட்டுத் திங்களும், இயலாவிடத்து ஓராண்டுக்குக் குறையாமலும் காக்க வேண்டுமென்றும் 2020 திசம்பரில் உச்சமுறைமன்றம் ஆணையிட்டது. அப்பதிவின் சாவி அந்நிலையத்தாரிடம் இருத்தல் கூடாது. வெளியார் ஒருவரிடம் இருத்தல் வேண்டும். முறையீட்டமைப்பின் தலைமையிலிருந்து உள்துறைச் செயலர் இறங்கி, ஓய்வுபெற்ற நடுவர் அமர்தல் வேண்டும். இவ்விரண்டையும் செய்யத் தில்லியின் பணமும் வேண்டா, ஒப்புதலும் வேண்டா. இவற்றை முதலில் செய்துவிட்டுத் தில்லியை நோக்கிக் கைநீட்டிப் பேசினால், நீட்டிய விரல் நடுங்காது.

மாநில உரிமைகளை ஆராய 2025-ஆம் ஆண்டு ஏப்பிரலில் தமிழக அரசு மீண்டும் ஓர் உயர்நிலைக் குழுவை அமர்த்தியது. இராசமன்னார் குழுவிலிருந்து இதுவரை அரைநூற்றாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. இன்னும் ஓர் அறிக்கை, இன்னும் ஓர் அலமாரி என்று முடிந்துவிடுமானால், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதே கட்டுரையை வேறொருவர் எழுத வேண்டியிருக்கும்.

திருவள்ளுவர் செங்கோன்மைக்கு அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்தார். அதற்கும் அடுத்து, குடிகள் அஞ்சி நடுங்கும்படி ஆளாமையை வைத்தார். செங்கோலுக்கும் கொடுங்கோலுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. அதனைப் பிடித்த கை எதனைக் கற்றது, யாருக்குக் கணக்குச் சொல்கின்றது என்பதே அத்தொலைவு.

மாங்குடி மருதனார் கண்ட மதுரையில் மக்கள் அச்சமின்றி உறங்கினர். உறங்காதவன் காவலன். இன்றோ, காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்ட மகன் திரும்பி வரும்வரை உறங்காதவள் தாய். அவள் கண்ணயர்ந்து உறங்கும் நாளே இந்நாட்டுக் காவல் புதுமையுற்ற நாள். அந்நாளைத் தில்லியின் நல்கை தராது. உரிமையை உணர்ந்த தமிழரும், அறத்தை உணர்ந்த தமிழக ஆட்சியும் சேர்ந்தே அதனைத் தருதல் வேண்டும். கண் முன்னே, கல்வி அடுத்து, கருவி கடையில்!